வண்டிக்குப் பக்கத்தில் நிற்பவர் யார்?

மேற்கு ஆப்பிரிக்காவில் மாலி நாட்டின் தலைநகரம் பமாக்கோ. 1948ல் அங்கே ஸெய்து கெய்த்தா என்பவர் ஒரு ஸ்டூடியோ திறந்தார். மாலி அப்போது பிரெஞ்சுக்காரர்களின் ஆட்சியில் இருந்தது. கெய்த்தாவின் தொழில் தச்சு. உறவினர் ஒருவர் 1935ல் செனகல் போய்த் திரும்பும்போது கொண்டுவந்து கொடுத்த சின்ன கோடாக் கேமராதான் அவரைப் படம் எடுக்கும் தொழிலுக்கு இழுத்தது. ஸ்டூடியோ இருந்த இடம் நல்ல இடம். ரயில் நிலையம் பக்கத்திலேயே இருந்தது. டாக்கர் ரயிலில் வந்து இறங்குபவர்கள், ஊருக்குத் திரும்புபவர்கள், புதிதாக வேலையில் சேர்ந்தவர்கள், புதுமணத் தம்பதிகள் என்று கூட்டம் வந்துகொண்டே இருந்தது.

வந்தவர்கள் உடுத்திக்கொள்ள அவர் கோட்டு சூட்டு வைத்திருந்தார். கைக்கடிகாரம், பேனா, ரேடியோ, டெலிபோன், பிளாஸ்டிக் பூ எல்லாம் இருந்தன. ஒரு ஸ்கூட்டரும் இருந்தது. அவருடைய சொந்தக் காரான பெஷோ 203ம் பல படங்களில் வந்து நிற்கிறது. காரின் மட்கார்டு மேல் கை வைத்து, பூப்போட்ட நீண்ட அங்கியைப் பரப்பிவிட்டுச் சாய்ந்து நிற்கும் பெண்களைப் பார்க்கும்போது, அந்தக் கார் அவர்கள் வீட்டு வாசலில் தினமும் நிற்கிற கார் என்றே தோன்றும்.

கெய்த்தாவின் வேலையில் ஆர்ப்பாட்டம் இல்லை. பின்னால் ஒரு துணி தொங்கும். முதலில் தொங்கியது அவருடைய படுக்கை விரிப்பு. வெளிச்சத்துக்குப் பகல் சூரியன். 13க்கு 18 சென்டிமீட்டர் அளவில் நெகட்டிவ் விழும் பெரிய பெட்டிக் கேமரா. பெரும்பாலும் ஒருவருக்கு ஒரே ஒரு படம்தான். இரண்டாவது தடவை எடுத்தால் காசு போய்விடும். அதனால் விசையை அழுத்துவதற்கு முன்பே எல்லாவற்றையும் சரிபார்த்துவிடுவார். தலையை எந்தப் பக்கம் சாய்ப்பது, விரல்களை எங்கே வைப்பது, கடிகாரம் தெரிகிற மாதிரி மணிக்கட்டை எப்படித் திருப்புவது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார். அவர் படங்களில் கைகள் அவ்வளவு அழகாக இருப்பது இதனால்தான். ஸ்கூட்டர் படங்களில் கவனித்துப் பாருங்கள். கண் முதலில் வண்டிக்குத்தான் போகும். சற்று நேரம் கழித்து அந்தக் கைகளுக்கு வரும். கடைசியாகத்தான் முகத்துக்கு வந்து சேரும். வந்து சேர்ந்தால் பிறகு நகராது.

வெஸ்பா ஸ்கூட்டர் இத்தாலியில் 1946ல் வெளிவந்தது. பெஷோ 203 கார் 1948ல் தொடங்கி 1960 வரை தயாரானது. இதையெல்லாம் நம்மால் சந்தேகம் இல்லாமல் சொல்ல முடிகிறது. அந்தக் காரில் சாய்ந்து நிற்கும் பெண் யார்? யாருக்கும் தெரியாது. உலகத்தின் பெரிய அருங்காட்சியகங்களில் அந்தப் படங்கள் தொங்குகின்றன. கீழே இருக்கும் சீட்டில் படம் எடுத்தவர் பெயர், ஊர், உத்தேசமான வருடம் எழுதியிருக்கும். தலைப்பு இருக்க வேண்டிய இடத்தில் 'தலைப்பில்லை' என்று இருக்கும்.

இதே கதி கெய்த்தாவுக்கும் ஒரு முறை நேர்ந்தது. 1991ல் நியூயார்க்கில் ஆப்பிரிக்கக் கலை பற்றிய பெரிய கண்காட்சி ஒன்று நடந்தது. அதில் அவர் எடுத்த படங்கள் இருந்தன, அவர் பெயர் இல்லை. பமாக்கோவில் யாரோ ஒரு புகைப்படக்காரர் எடுத்தது என்ற அளவில் வைத்திருந்தார்கள். பிரான்சைச் சேர்ந்த ஆந்த்ரே மான்யேன் அந்த 'யாரோ'வைத் தேடிக்கொண்டு பமாக்கோவுக்குப் போனார். கெய்த்தா அங்கே உயிரோடு இருந்தார், நெகட்டிவ்களும் பத்திரமாக இருந்தன. 1994ல் பாரிசில் தனிக் கண்காட்சி நடந்தது. அதற்குப் பிறகு உலகமே அவரைத் தெரிந்துகொண்டது. 2001ல் அவர் இறந்தபோது ஆப்பிரிக்காவின் மிகப் பெரிய உருவப்படக் கலைஞர்களில் ஒருவர் என்று எழுதினார்கள். எடுத்தவருக்குப் பெயர் திரும்பக் கிடைத்துவிட்டது. எடுக்கப்பட்டவர்களைத் தேடி அந்த அளவுக்கு யாரும் புறப்படவில்லை.

கெய்த்தாவைக் குறை சொல்ல இதில் ஒன்றும் இல்லை. படம் வாங்கிப் போனவர்களுக்குத் தங்கள் பெயர் தெரியும். வீட்டில் இருப்பவர்களுக்கும் தெரியும். எழுதிவைக்க வேண்டிய தேவையே அப்போது இல்லை. தேவை பிறகுதான் வருகிறது. வரும்போது கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இருப்பதில்லை.

மனிதர்களை அவர்களுடைய வண்டியோடு நிற்கவைத்து எடுத்த படங்கள் எந்த நாட்டுடையதாக இருந்தாலும் எனக்குப் பிடிக்கும். ஒருவர் தன் வண்டியின் மேல் எப்படிக் கை வைக்கிறார் என்பதிலேயே பாதிக் கதை தெரிந்துவிடும். ஆனால் இந்த வகைப் படத்துக்கு ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. வண்டி ஆளை விழுங்கிவிடும். வண்டிக்கு மாடல் உண்டு, வருடம் உண்டு, பதிவு எண் உண்டு, விவரம் சேகரிக்கிற ஆர்வலர் கூட்டமும் உண்டு. ஐம்பது வருடம் கழித்து ஒரு படம் கைக்குக் கிடைக்கும்போது வண்டியைப் பற்றி ஒரு பக்கம் எழுதலாம். ஆளைப் பற்றி எழுத ஒரு வரிகூட இருக்காது.

கெய்த்தாவின் காரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நம் ஊர் வீடுகளில் மாட்டியிருக்கும் வளைகுடா படங்கள் நினைவுக்கு வரும். ராமநாதபுரம், நாகப்பட்டினம் கரையோரங்களில் சபுர் போனவர், அதாவது பிழைப்புக்கு வெளிநாடு போனவர், இல்லாத தெருவே கிடையாது. எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும் சவுதியிலிருந்தும் துபாயிலிருந்தும் கடிதத்தோடு படம் வரும். பெரிய கார் ஒன்றின் பானெட்டில் ஒரு முழங்கையை ஊன்றி, கறுப்புக் கண்ணாடி போட்டு, காலை மாற்றிப் போட்டுக்கொண்டு ஒருவர் நிற்பார். கார் முதலாளியுடையதாக இருக்கும். இல்லையென்றால் தெருவில் நின்ற யாரோ ஒருவருடையதாக இருக்கும். வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும். எங்கள் தெருவில் ஒரு அத்தா அந்தப் படத்தை வருகிறவர்களிடம் எல்லாம் எடுத்துக் காட்டுவார். "காரு யாரோடதா இருந்தா என்ன, எம்புள்ள கண்ணாடி போட்டிருக்கான் பாருங்க" என்பார். அந்தக் குடும்பத்துக்கு அந்தப் படம் சொன்ன செய்தி, பிள்ளை நன்றாக இருக்கிறான், உடம்பு தேறியிருக்கிறது என்பதுதான்.

இரவல் காரில் சாய்ந்து எடுத்த படத்தைப் பார்த்துப் பகட்டு என்று சொல்கிறவர்கள் உண்டு. நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். கடன் வாங்கிப் போய், ஒரே அறையில் பலரோடு படுத்து எழுந்து, அம்மா கண் கலங்காமல் இருக்க வேண்டும் என்று ஒரு நாள் நல்ல சட்டை போட்டுக்கொண்டு நின்றவன் அவன். கெய்த்தாவிடம் சூட்டை இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு நின்றவரும் அப்படித்தான். இருக்கும் நிலையைக் காட்டும் படம் ஒரு வகை. போக நினைக்கும் இடத்தைக் காட்டும் படம் இன்னொரு வகை. இரண்டிலும் பொய் இல்லை.

பமாக்கோவிலேயே கெய்த்தாவுக்கு அடுத்த தலைமுறையில் மாலிக் ஸிதிபே வந்தார். 1960ல் மாலி சுதந்திரம் பெற்றது. புதிய நாட்டின் இளைஞர்கள் கிளப் வைத்து ஆடிப் பாடிய இரவுகளை எடுத்தவர் அவர். அவருடைய ஸ்டூடியோ சின்னது. அதற்குள் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்துவிடுவார்கள். 1962ல் எடுத்த ஒரு படத்தில் ஒரு குடும்பமே ஒரு மோட்டார் சைக்கிளில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. நம் ஊர் சாலைகளில் தினமும் பார்க்கிற காட்சிதான் என்றாலும், நான்கு சுவருக்குள் திரைச்சீலைக்கு முன்னால் அதைப் பார்க்கும்போது வேறு மாதிரி இருக்கிறது. வண்டி எங்கேயும் போகவில்லை. குடும்பம் மட்டும் எங்கோ போய்க்கொண்டிருக்கிறது. ஸிதிபேவிடம் ஒரு நல்ல பழக்கம் இருந்தது. எடுத்த படங்களைச் சிறிதாக அச்சிட்டு, எண் போட்டு, தேதியும் விருந்தின் பெயரும் எழுதி, அட்டைக் கோப்புகளில் ஒட்டிவைப்பார். இளைஞர்கள் வந்து பார்த்து, பிரதி வேண்டுமென்று எண்ணைச் சொல்வார்கள். வியாபாரத்துக்காகச் செய்ததுதான். இன்று அந்தக் கோப்புகள் ஒரு நகரத்தின் வரலாறாக நிற்கின்றன. 2007ல் வெனிஸ் கலைத் திருவிழாவில் வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்கம் விருது அவருக்குக் கிடைத்தது. அதைப் பெற்ற முதல் புகைப்படக்காரர் அவர்தான்.

இதுவரை சொன்னதெல்லாம் வண்டி வைத்திருந்தவர்களும் வைத்திருக்க ஆசைப்பட்டவர்களும் நின்ற படங்கள். வண்டி ஒன்று தண்டனையாக வாய்த்தவர்களும் உண்டு. அவர்களை எடுத்தவர் தென்னாப்பிரிக்காவின் டேவிட் கோல்ட்பிளாட்.

நிறவெறி அரசு கறுப்பின மக்களை நகரங்களில் குடியிருக்க விடவில்லை. நகரத்துக்கு அவர்களுடைய உழைப்பு வேண்டும், அவர்கள் வேண்டாம். இன்னார் இந்த இனம் என்று பிரித்து, தொலைவில் 'தாயகம்' என்று பெயர் வைத்த வறண்ட நிலங்களுக்கு அனுப்பினார்கள். குவாண்டெபெலே அப்படிப்பட்ட ஒன்று. அங்கே வேலை கிடையாது. வேலை இருந்த பிரிட்டோரியா நகரமோ பல மணி நேரத் தொலைவில் இருந்தது. அதனால் நடுராத்திரி தாண்டியதும் பஸ் புறப்படும். 1980களின் தொடக்கத்தில் கோல்ட்பிளாட் அந்த பஸ்களில் ஏறி அவர்களோடு போனார், வந்தார். ஒரு படத்தில் அன்றைய முதல் பஸ் நிறுத்தத்துக்குள் வருகிறது. நேரம் அதிகாலை 2.45 என்று அவரே குறித்திருக்கிறார். இன்னொரு படம் வீடு திரும்பும் பஸ். இரவு 8.45, கடைசி நிறுத்தத்துக்கு இன்னும் 45 நிமிடம் இருக்கிறது.

அந்த இரண்டாவது படத்தை என்னால் சீக்கிரம் கடந்துபோக முடிவதில்லை. வெளிச்சம் மிகக் குறைவு. படம் முழுக்க மணல் தூவியது போன்ற புள்ளிகள். போர்வையையும் கோட்டையும் இழுத்துப் போர்த்திக்கொண்ட உடம்புகள், தொங்கிய தலைகள். தூங்குகிறார்கள் என்று சொல்வதைவிட விழுந்து கிடக்கிறார்கள் என்று சொல்லலாம். குறுகிய தூரத்துக்கென்று செய்த பஸ்ஸின் கடினமான இருக்கையில் உட்கார்ந்தபடியே, இடம் கிடைக்காதவர்கள் நின்றபடியே, தினமும் பல மணி நேரம். இறங்கி வீடு போய்ச் சாப்பிட்டுப் படுத்தால் சில மணி நேரத்தில் மறுபடியும் அதே 2.45 பஸ். மனிதரையும் வாகனத்தையும் சேர்த்து எடுத்த உலகப் படங்களில் மிகச் சிறந்தது எது என்று என்னைக் கேட்டால் இந்தத் தொகுப்பைத்தான் சொல்வேன். 1989ல் நூலாக வந்தது. கோல்ட்பிளாட் நேரத்தையும் தடத்தையும் நிறுத்தத்தின் பெயரையும் விடாமல் எழுதிவைத்தார். ஓர் அரசாங்கம் ஒரு மக்கள் கூட்டத்தின் தூக்கத்தைத் திருடியதற்கு அந்தக் குறிப்புகள் சாட்சி. நேரம் மட்டும் இல்லாமல் போயிருந்தால் களைத்துப்போன பயணிகளின் படம் என்று சொல்லிவிட்டு நகர்ந்திருப்போம்.

நிறவெறிச் சட்டங்கள் போய்விட்டன. தூரம் போகவில்லை. கறுப்பின மக்களின் குடியிருப்புகள் இன்றும் பெரும்பாலும் நகரத்தின் ஓரத்திலேதான் இருக்கின்றன. ஸ்டான் எங்கல்பிரெக்ட், நிக் குரோப்ளர் என்ற இரண்டு தென்னாப்பிரிக்கர்கள் 2010ல் ஒரு வேலையைத் தொடங்கினார்கள். இவ்வளவு பெரிய நாட்டில் சைக்கிளை அன்றாடத் தேவைக்கு ஓட்டுகிறவர்கள் ஏன் இவ்வளவு குறைவு, ஓட்டுகிறவர்கள் யார் என்பது அவர்களுடைய கேள்வி. தாங்களும் சைக்கிளிலேயே நாடு முழுக்கச் சுற்றினார்கள். எதிரே வருகிற சைக்கிள்காரரை நிறுத்துவார்கள். அவர் நின்ற இடத்திலேயே, அவருடைய சைக்கிளோடு படம் எடுப்பார்கள். பெயரைக் கேட்பார்கள். ஏன் சைக்கிள் ஓட்டுகிறீர்கள் என்று கேட்பார்கள். அவர் சொல்வதை அவர் வாய்மொழியாகவே எழுதிக்கொள்வார்கள். பொதுமக்களிடம் இணையத்தில் சிறு சிறு தொகையாகப் பணம் திரட்டி, மூன்று தொகுதிகளாக அதை நூலாக்கினார்கள்.

அந்தத் தொகுதிகளில் இருப்பவர்களில் தோட்ட வேலைக்காரர் உண்டு, காவலாளி உண்டு, பஸ் கட்டணத்தை மிச்சம் பிடித்துப் பிள்ளையின் படிப்புக்கு அனுப்புகிறவர் உண்டு. சைக்கிள்கள் அடிபட்டவை. ஒரு பாகம் ஒரு கம்பெனி, மறு பாகம் வேறு கம்பெனி. கெய்த்தாவின் ஸ்கூட்டர் மினுமினுப்பு எதுவும் இவற்றில் கிடையாது. ஆனால் பக்கத்தைத் திருப்பினால் ஆள் இருக்கிறார், பேசுகிறார். சைக்கிள் அவருக்குப் பின்னால்தான் நிற்கிறது. கலை என்று பார்த்தால் கெய்த்தா பல படி மேலே. மனிதரை மறதியிலிருந்து காப்பாற்றிய வேலை என்று பார்த்தால் இந்த இருவரும் செய்ததுதான் முழுமையான வேலை.

மொராக்கோவின் ஹஸன் ஹஜ்ஜாஜ் எடுத்த மராகேஷ் பெண்களின் மோட்டார் சைக்கிள் படங்களைப் பலர் பார்த்திருப்பீர்கள். நீண்ட அங்கி, முகத்திரை, இதய வடிவக் கண்ணாடி, மொபெட். உணவு டப்பாக்களை வரிசையாக அடுக்கிச் சட்டம் செய்திருப்பார். வெளிநாட்டுக்காரர்கள் அதைப் பார்த்து வியந்தார்கள். மராகேஷில் பெண்கள் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போவது அன்றாட விஷயம். படத்தில் இருக்கும் பலர் மருதாணி போட்டுப் பிழைப்பவர்கள். அந்த வண்டி போகாவிட்டால் அன்றைய வருமானம் இல்லை. அந்தப் படங்களின் நிறத்தை ரசித்துவிட்டு, அந்த உழைப்பைப் பார்க்காமல் போவது சரியல்ல.

பெயர் கேட்டு எழுதிய அந்தத் தென்னாப்பிரிக்கர்களுக்கு எதிர்த்திசையில் போனவர் அமெரிக்காவின் ஆண்ட்ரு புஷ். லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்து நெடுஞ்சாலைகளில் தன் காரின் பக்கத்து இருக்கையில் கேமராவைப் பொருத்திக்கொண்டு, இணையாக ஓடும் கார்களில் இருப்பவர்களை எடுத்தார். தலைப்பில் எந்தச் சாலை, எந்தத் திசை, மணிக்கு எத்தனை மைல், என்ன நேரம் என்று எல்லாம் இருக்கும். பெயர் மட்டும் இருக்காது. தனியாகக் கார் ஓட்டும் மனிதனின் முகத்தை இவ்வளவு நெருக்கமாக வேறு யாரும் காட்டியதில்லை. இருந்தாலும் எனக்கு அந்தப் படங்களில் ஒரு குளிர் தெரிகிறது. அவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அதே நாட்டில் 1960களில் டேனி லயன் சிகாகோ மோட்டார் சைக்கிள் கூட்டம் ஒன்றில் தானே உறுப்பினராகச் சேர்ந்து, அவர்களோடு ஓட்டி, அவர்கள் பேசியதை டேப் ரிக்கார்டரில் பதிந்து, படத்தோடு சேர்த்து நூலாக்கியிருந்தார். என் ஓட்டு லயனுக்கு.

பெயர் தெரிவதால் என்ன மாறிவிடும் என்று கேட்கலாம். ஜெர்மனியின் அகஸ்ட் ஸாண்டர் சைக்கிளில் கேமராவைக் கட்டிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போய்ப் படம் எடுத்தவர். 1914ல் அவர் எடுத்த மூன்று இளைஞர்களின் படம் உலகப் புகழ் பெற்றது. கோட்டு, தொப்பி, கைத்தடியோடு ஒரு மண்பாதையில் நின்று திரும்பிப் பார்ப்பார்கள். தலைப்பு இளம் விவசாயிகள். நூறு வருடம் கழித்து ஓர் ஆய்வாளர் தேடிப் போய் அவர்களுடைய பெயர்களைக் கண்டுபிடித்தார். மூவரில் ஒருவர்கூட விவசாயி இல்லை. இருவர் இரும்புச் சுரங்கத் தொழிலாளிகள், ஒருவர் அதே சுரங்கத்தின் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். அந்த மூன்றாமவர் மறு வருடமே முதல் உலகப் போரில் இறந்துபோனார். நூறு வருடமாக உலகம் தவறான மூன்று பேரைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

நம் ஊரிலும் பழைய படங்களைக் காப்பாற்றும் வேலையைச் சிலர் செய்திருக்கிறார்கள். புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள், பிரிட்டிஷ் நூலகத்தின் ஆதரவோடு, தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோக்களின் படங்களையும் நெகட்டிவ்களையும் தேடி மின்பிரதி எடுத்திருக்கிறார்கள். ஸ்டூடியோ மூடும்போது பழைய கண்ணாடி நெகட்டிவ்கள் எடைக்குப் போய்விடுகிற ஊர் இது. அவர்கள் செய்தது பெரிய உபகாரம். ஆனால் அந்த முகங்களின் பெயரை அவர்களால் எங்கிருந்து கொண்டுவர முடியும்? அது வீட்டில்தான் இருக்கிறது.

உங்கள் வீட்டிலும் ஒரு படம் இருக்கும். ராலே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு தாத்தா, ராஜ்தூத் மேல் சித்தப்பா, கல்யாணமான புதிதில் லாம்பிரெட்டாவில் அப்பாவும் அம்மாவும், டிவிஎஸ் 50ல் பால் கேனோடு மாமா. இந்த ஞாயிற்றுக்கிழமை அதை வெளியே எடுங்கள். வீட்டில் மூத்தவர் யாரோ அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். யார், எந்த ஊர், எந்த வருடம், வண்டி சொந்தமா இரவலா, எவ்வளவு கொடுத்து வாங்கினார், எப்போது விற்றார், ஏன் விற்றார். அவர் சொல்வதைப் படத்தின் பின்பக்க ஓரத்தில் மென்மையான பென்சிலால், அழுத்தாமல் எழுதுங்கள். பால்பாயின்ட் பேனா வேண்டாம், முன்பக்கம் தடம் விழும். பின்பக்கம் வழவழப்பாக இருந்து பென்சில் பிடிக்கவில்லை என்றால், ஒரு காகித உறையில் எழுதி அதற்குள் படத்தைப் போட்டுவையுங்கள். பசை வேண்டாம், லேமினேஷன் வேண்டவே வேண்டாம். வண்டியின் பெயரை எழுத மறந்தாலும் பரவாயில்லை. அதை யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள்.